ஃபியூஸ் கேரியரும் ஒரு டேப்லட்டும் - கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் புலம்பல்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி ஜாஸ்தியானதால தள்ளித் தள்ளிப் போன பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்கா.

எங்க ஊரு கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலத்துலேருந்து ஜெயங்கொண்டம் போற ரோட்டுல, வெள்ளாத்தங்கரை. விருத்தாசலம்னா பாதிப் பேருக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும், மீதிப் பேருக்குப் பீங்கான் ஞாபகம் வரும். கொலு பொம்மை, கப்பு சாசர், அப்புறம் உங்க வீட்டு மெயின் போர்டுல இருக்குமே வெள்ளையா ஃபியூஸ் கேரியர், அதுல எத்தனையோ எங்க பக்கத்துச் சூளையில வெந்து வந்ததுதான். எங்க ஆயாவே இருபது வருஷம் ஒரு பீங்கான் பட்டறையில வேலை பாத்தவங்க. அச்சுலேருந்து எடுத்த பச்சைக் கேரியருக்குப் பிசிறு சீவி, ஈர ஸ்பாஞ்சால தொடச்சு அடுக்குறது அவங்க வேலை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அண்ணன் பொண்ணு (நாலாவது படிக்கிறா) டேப்லட்டை எடுத்துட்டு ஓடி வந்தா. "சித்தப்பா, நான் கரண்ட் செய்வேன், பாக்கறியா?" திரையில ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ரெண்டு ஒயர். விரலால இழுத்து இழுத்து ஒட்டினா. பல்பு எரிஞ்சுது. கைதட்டல் சத்தம், மூணு ஸ்டார். எனக்குப் பெருமை தாங்கல. உடனே பழைய டார்ச்சுலேருந்து கட்டை, பல்பு, ஒரு துண்டு ஒயர் எல்லாம் எடுத்து "இப்ப நெசத்துல எரிய வைடா"ன்னேன். ஒயரோட ஒரு முனையைக் கட்டையில வெச்சா, இன்னொரு முனையைப் பல்போட கண்ணாடியில வெச்சா. எரியல. ரெண்டு தரம் பாத்துட்டு சொன்னா பாருங்க:

"சித்தப்பா, இது ஹேங் ஆயிடுச்சு."

சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னா அதே வாரம் நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவுல பெரிய சண்டை ஓடிட்டிருந்துச்சு. சேந்திருக்கற பணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். "சின்னப் பசங்களுக்கு சயின்ஸ் வரணும், ஒரு நல்ல ஸ்மார்ட் போர்டு வாங்கிப் போட்டுருவோம்"னு பெரும்பாலானவங்க ஒரு பக்கம். நானும் அந்தப் பக்கம்தான் கையைத் தூக்கியிருந்தேன். இந்த "ஹேங்" கதைக்கப்புறம் சந்தேகம் வந்துருச்சு. திரையைக் காட்டிக் கொழந்தைங்களுக்கு அறிவியல் சொல்லித் தர்றது இன்னைக்கு நேத்து வந்த ஆசையா? இதுக்கு முன்னாடி செஞ்சவங்களுக்கு என்ன ஆச்சு? தேடிப் படிச்சதைத்தான் இங்க கொட்டறேன்.

வானத்துலேருந்து வந்த வாத்தியார் (1975)

கதை ஆரம்பிக்கறது கம்ப்யூட்டர்ல இல்ல, டிவியில. 1975 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை தொடங்கியது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்குக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு இஸ்ரோ நேரடியாகப் படம் காட்டியது. ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகா. நம்ம தமிழ்நாடு அதில் இல்லை. (நமக்கு அதே மாசம் 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி வந்துருச்சு, ஆனா அது சென்னையைச் சுத்தி மட்டும்.)

காலை நிகழ்ச்சி முழுக்க 5 முதல் 12 வயசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதில் அறிவியலுக்குப் பெரிய இடம். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தை நடத்திய இயற்பியலாளர் யஷ் பால் இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, பிள்ளைகளுக்குக் காட்டியதோடு நிக்கல. பள்ளி விடுமுறையில் சுமார் 50 ஆயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் டிவி, வானொலி, அச்சுப் பாடம், கையால் செய்யும் சோதனை எல்லாம் சேர்த்து அறிவியல் பயிற்சி கொடுத்தார்கள். டிவியை மட்டும் நம்பினால் ஆகாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.

1976 ஜூலை 31-ல் ஒப்பந்தம் முடிஞ்சது, செயற்கைக்கோள் திரும்பிப் போச்சு. டிவியிடம் ஒரு குறை எப்பவும் இருக்கு. அது பேசும், கேக்காது. பிள்ளை தப்பா புரிஞ்சுக்கிட்டாலும் படம் பாட்டுக்கு ஓடும்.

பேச்சு கேட்கும் ஆமை

அந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று வந்தது கம்ப்யூட்டர். 1967-லேயே அமெரிக்காவில் சைமர் பேப்பர்ட், வாலி ஃபொயர்சைக், சிந்தியா சாலமன் முதலானோர் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். 'முன்னால போ 50, வலப்பக்கம் திரும்பு 90' என்று கட்டளை கொடுத்தால் ஓர் ஆமை கோடு போடும். தப்பாகச் சொன்னால் தப்பாகப் போகும். உடனே தெரிந்துவிடும், திருத்தலாம். 1980-ல் பேப்பர்ட் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தின் மையமே இதுதான்: கம்ப்யூட்டர் பிள்ளையை இயக்கக் கூடாது, பிள்ளை கம்ப்யூட்டரை இயக்க வேண்டும். (எங்கண்ணன் பொண்ணு டேப்லட்டுல யாரு யாரை இயக்கறாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். மூணு ஸ்டாருக்காக ஓடறது அவதான்.)

இந்தியாவில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1984-85-ல், 'க்ளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில். இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகள் முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குப் போயின. அதுவும் பெரிய வகுப்புகளுக்கு. சின்னப் பிள்ளைகள், கிராமம், தாய்மொழி இந்த மூணும் அன்னைக்குக் கணக்குலயே இல்ல. கம்ப்யூட்டர் ரூம்னா செருப்பைக் கழட்டிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, எட்ட நின்னு கும்பிட வேண்டிய கர்ப்பகிரகம். நம்மள்ல பல பேருக்கு அந்த அனுபவம் இருக்கும் :-)

அதுக்கு நேர் எதிரா வேற ஒண்ணு நடந்துட்டிருந்துச்சு. 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாதில் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம். கரண்ட்டே வேண்டாம். ஒரு பெட்டியில் லென்சு, காந்தம், பல்பு, நூல், ஊசி. பிள்ளைங்க செஞ்சு பாத்துதான் பாடம். அங்கே 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை ஆள். பிள்ளைகள் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் அவருக்குக் கடிதம் எழுதலாம், பதில் வரும். அம்பது காசு தபால்ல இன்டராக்டிவ்! 2002-ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. நம்ம பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து கொண்டுவரும் 'துளிர்' இதழும், 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

சுவத்துல ஓட்டை, காளிகுப்பத்துல டிஎன்ஏ

இப்ப வர்றதுதான் நம்ம ஆளுங்க கதை. 1999 ஜனவரி 26, தில்லி கால்காஜி. என்ஐஐடி நிறுவனத்தில் இருந்த சுகத மித்ரா, அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பக்கம் பார்த்தபடி ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் தாங்களே உருட்டக் கற்றுக்கொண்டார்கள். உலகம் முழுக்கப் பேச்சாச்சு.

அடுத்து அவர் ஒரு வம்புக் கேள்வி கேட்டார். தமிழ் மட்டுமே பேசும் கிராமத்துப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் டிஎன்ஏ பாடத்தை, வாத்தியாரே இல்லாமல் தெருவோரக் கம்ப்யூட்டரில் படிக்க முடியுமா? முடியாதுன்னு நிரூபிக்கலாம்னுதான் போனாராம். இடம், காளிகுப்பம் என்கிற கிராமம். பிள்ளைகளுக்கு வயசு 10 முதல் 14. முதல் தேர்வில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியவில்லை. ரெண்டு மாசத்துக்கு மேல் கம்ப்யூட்டரோடு விட்டுவிட்டு வந்து பார்த்தால் சுமார் 30 சதவீதம். ரித்து தங்வாலுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2010-ல் வெளியானது. பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எடுத்ததற்குச் சமமான மதிப்பெண் என்றது அது.

எல்லாரும் இந்த இடத்துல கைதட்டிட்டு எழுந்துடுவாங்க. எனக்கு அடுத்த பக்கம்தான் முக்கியம். 30 போதாதுன்னு மித்ரா அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் உள்ளூர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. "உனக்குத் தெரியாதது நல்லதாப் போச்சு. பாட்டி மாதிரி பின்னால நின்னு, 'அட, இது எப்படிடா? எனக்கும் காட்டேன்'னு கேளு, போதும்" என்பதுதான் அவருக்குச் சொன்ன வேலையின் சாரம். இன்னும் ரெண்டு மாசத்தில் மதிப்பெண் சுமார் 50. தில்லியில் நல்ல தனியார் பள்ளியில், பயிற்சி பெற்ற உயிரியல் ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளுக்கு இணை.

அதாவது மக்கா, கம்ப்யூட்டர் 30 வரைக்கும் இழுத்துட்டு வந்துச்சு. அதுக்கு மேல தள்ளினது ஒரு அக்கா.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும், இல்லாட்டி நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதே 2010-ல், அதே ஆய்விதழில், பாயல் அரோராவின் கட்டுரையும் வந்தது. உத்தராகண்டில் அல்மோரா, ஹவால்பாக் ஊர்களில் வைத்த சுவர்க் கம்ப்யூட்டர்கள் என்ன ஆயின என்று தேடிப் போனால், அவை செயலிழந்து கிடந்தன. நினைவு வைத்திருந்தவர்களே குறைவு. அதற்கு முன்பே தில்லியைப் பார்த்துவிட்டு மார்க் வார்ஷாவர், பிள்ளைகள் அதிகமும் விளையாட்டிலும் படம் வரைவதிலுமே நேரம் கழிக்கிறார்கள், இந்தியில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தார். கூட நிக்க ஆள் இல்லைன்னா ஓட்டை வெறும் ஓட்டைதான்.

சிடி காலமும் குஜராத் கணக்கும்

2000-களின் தொடக்கத்தில் சிடி அலை. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தொடக்கப்பள்ளிப் பாடங்களை இன்டராக்டிவ் சிடிகளாகப் போட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. தாய்மொழியில் வந்ததே பெரிய விஷயம். பல வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு, 2010 டிசம்பரில் அந்த அமைப்பின் அனுராக் பேஹர் 'மின்ட்' நாளிதழில் எழுதியதன் சாரம் இது: கல்வியின் உண்மையான சிக்கல்களைக் கம்ப்யூட்டர் தீர்க்காது, ஆசிரியரை வலுப்படுத்துவதிலிருந்து நம் கவனத்தைத்தான் அது திருப்புகிறது. கோடிக்கணக்குல செலவு பண்ணினவங்க தாங்களே இப்படி ஒத்துக்கறதுக்கு ஒரு தெம்பு வேணும். சல்யூட்.

அப்போ திரையே வேஸ்ட்டா? அதுவும் இல்ல. குஜராத்தில் நடந்த ரெண்டு ஆய்வுகள் இந்தப் பதிவோட உயிர்நாடி. (ரெண்டும் கணக்குப் பாடம். ஆனா நம்ம கேள்விக்குப் பொருந்தும்.)

முதலாவது வதோதரா. மாநகராட்சிப் பள்ளிகளில் நாலாம் வகுப்புக்கு வாரம் ரெண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு, ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பிள்ளைகள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழு 2007-ல் வெளியிட்ட முடிவின்படி கணக்கில் நல்ல முன்னேற்றம். (2019-ல் பொருளாதார நோபல் வாங்கின அதே ஜோடிதான்.)

ரெண்டாவது, 'ஞான் சாலா' பள்ளிகள். லீ லிண்டன் 2008-ல் எழுதியது. ஒரே மென்பொருள்தான். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை வெட்டி அந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தபோது பிள்ளைகள் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாக வைத்தபோது முன்னேறினார்கள். அதிலும் படிப்பில் தளர்ந்திருந்த பிள்ளைகளுக்கு அதிக லாபம்.

கருவி ஒண்ணு, பலன் ரெண்டு. குழம்புக்குக் கூட வடகம் தாளிச்சா மணக்கும். குழம்பே இல்லாம வடகத்தை மட்டும் எலையில வெச்சா?

நெசக் கம்பியா, திரைக் கம்பியா?

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற இலவசச் செயல்விளக்கங்களைத் தொடங்கினார். அதில் மின்சுற்று செய்யும் ஒன்று உண்டு. கம்பியைத் தப்பாகச் சேர்த்தால் பேட்டரி தீப்பிடிக்கும் (திரையிலதான்!). ஸ்டாரும் இல்ல, கைதட்டலும் இல்ல. நீயா நோண்டிக் கண்டுபிடிக்கணும். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவுக்கு நிஜக் கம்பியும் பல்பும், இன்னொரு பிரிவுக்கு இந்தத் திரைச் சுற்றும் கொடுத்தார்கள். பிறகு நிஜச் சுற்றைச் செய்யச் சொன்னபோது, திரையில் பழகியவர்களே கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள்! ஏன்னா கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம் திரையில ஓடறது தெரியும்.

ஆனா அவங்க கல்லூரிப் பசங்க. கம்பின்னா என்ன, பல்பு திருகாணி எங்க தொடுதுன்னு கையால தடவிப் பாத்தவங்க. ஒம்போது வயசுக்கு அது இன்னும் வரல. அதனாலதான் "ஹேங் ஆயிடுச்சு".

இன்னைக்கு நம்ம ஊர்ல கருவிக்குப் பஞ்சம் இல்ல. 2018-ல் வந்த புதுப் பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடியதும் வீட்டுக்கு வீடு செல்போன் வகுப்பு. ஒரே போனு, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டா பாடமும் கூடவே போயிடும். அந்த இடைவெளியை அடைக்க 2021 அக்டோபரில் அரசு கொண்டுவந்தது எது? புதுக் கருவி இல்ல. 'இல்லம் தேடிக் கல்வி'. சாயங்காலம் தெருவிலேயே பாடம் சொல்லித் தரும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். காளிகுப்பத்து அக்காவை ஊருக்கு ஊர் அனுப்பின மாதிரி. 2024-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லட்டும், ஆயிரக்கணக்கான பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறையும் வந்தன.

அப்பறம் ஆயா என்ன பண்ணினாங்க?

பாதியில விட்ட கதைக்கு வர்றேன். குட்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஆயா திண்ணையில இருந்து பாத்துட்டே இருந்தவங்க, உள்ள போயி ஒரு பழைய ஃபியூஸ் கேரியரை எடுத்துட்டு வந்தாங்க. பட்டறையில ஒதுக்கின மாலு, ஓரம் கொஞ்சம் மூளி.

"ஏன்டி, இதுக்குள்ள கரண்ட்டு போவுதுல்ல? அப்ப ஏன் முழுசும் இரும்புல செய்யாம, நான் மண்ணைத் தொடச்சுத் தொடச்சுக் கைய புண்ணாக்கிக்கிட்டேன்?"

குட்டி யோசிச்சா. "புடிக்கிறவங்களுக்கு ஷாக் அடிக்காம இருக்க."

"சரி. அப்ப பிளாஸ்டிக்குல செய்யலாம்ல? அதுவும் ஷாக் அடிக்காதே?"

இதுக்கு அவளுக்குத் தெரியல. உள்ளே இருக்கற மெல்லிசுக் கம்பி சூடாகி உருகறதுக்குத்தான் வெச்சிருக்கு, அது உருகற சூட்டுல சாதாரணப் பிளாஸ்டிக்கு இளகிடும், 1200 டிகிரிக்கு மேல சூளையில வெந்து வந்த பீங்கானுக்கு அது ஒரு சூடே இல்லன்னு நான் விளக்கினேன். ஆயாவுக்கே அது புதுசு! இருபது வருஷம் தொடச்சிருக்காங்க, யாரும் அவங்களுக்குச் சொல்லல. கேள்வி மட்டும் அவங்ககிட்ட இருந்திருக்கு. அப்பறம் குட்டி தானாவே ஒயரை எடுத்து, பல்போட அடிப்பக்கம் ஒரு தொடல், பக்கவாட்டு உலோகத்துல ஒரு தொடல்னு மாத்தி மாத்தி வெச்சு எரிய வெச்சுட்டா. ஸ்டார் எதுவும் வரல. அவ சத்தம்தான் தெருவுக்கே கேட்டுச்சு.

கடைசியா, அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம்

குழுவுல என் கணக்கைப் போட்டேன். ரெண்டு ரெண்டு பிள்ளைக்கு ஒண்ணா அஞ்சு டேப்லட், 60 ஆயிரம். கட்டை, பல்பு, காந்தம், லென்சு, உள்ளூர்ப் பீங்கான் சாமான் எல்லாம் சேத்து 30 ஆயிரம். ரிப்பேருக்கும் நெட்டுக்கும் 30 ஆயிரம். மீதி 60 ஆயிரம், வாரம் ரெண்டு சாயங்காலம் பிள்ளைங்களோட உக்கார ஒரு அக்காவுக்கு, மாசம் 5 ஆயிரம் வீதம் ஒரு வருஷத்துக்கு. பள்ளி நேரத்துல கை வைக்கவே கூடாது.

பிடிச்சாங்க சண்டை. ஒரு நண்பர் கேட்டது ஞாயமான கேள்வி: "அக்காவுக்குக் குடுக்கற காசு ஒரு வருஷத்துல கரைஞ்சு போயிடும்டா. போர்டுன்னா சுவத்துல நிக்கும். கீழ நம்ம பேரு போடலாம்." என்கிட்ட இதுக்குச் சாமர்த்தியமான பதில் இல்ல. ரெண்டாவது வருஷத்துக்கு மறுபடியும் கையேந்தத்தான் வேணும். அல்மோராவுல சுவத்துல நின்னதுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொன்னேன். ஓட்டு எடுத்தோம். 31-க்கு 27. ஒரு வருஷத்துக்குப் பரிசோதனையா ஒத்துக்கிட்டாங்க. தோத்தவங்க இன்னும் முறுக்கிக்கிட்டுதான் இருக்காங்க.

இப்ப அக்காவைத் தேடிட்டிருக்கோம். பெரிய படிப்பு வேணாம். "இது எப்படிடா? எனக்கும் காட்டேன்"னு கேக்கத் தெரிஞ்சா போதும். ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு நல்லதோ கெட்டதோ இங்கயே எழுதறேன். இது சத்தியம்.

உங்க ஊருப் பள்ளிக்கூடத்துல டிவி, சிடி, ஸ்மார்ட் போர்டு எது வந்துச்சு, எதுக்கு உறை போட்டு வெச்சிருக்காங்க, எது உண்மையிலேயே உதவுச்சு? பின்னூட்டத்துல சொல்லுங்க. ரெண்டாவது வருஷத்துக்கு வாதாட எனக்கு ஆதாரம் வேணும்.

டிஸ்கி: பல்பு சோதனைக்கு டார்ச்சுக் கட்டை மட்டும். வீட்டு பிளக் பாயிண்ட் பக்கம் பிள்ளைங்களை விட்டுடாதீங்க. ஃபியூஸ் கேரியர் எவ்வளவு நல்லா வெந்திருந்தாலும் சரி.